விமானத்தின் காது

பல்லி சொன்னால் உட்கார்ந்துவிட வேண்டும். கையில் என்ன இருந்தாலும் சரி, எதிரில் யார் இருந்தாலும் சரி, நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்து பக்கத்து இருக்கையின் காலைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். நெய்தல் ஏர்வேஸின் பயிற்சிப் புத்தகம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் எங்களுக்கு மனப்பாடமாக இருப்பது இந்த ஒரு வரிதான். மீதியெல்லாம் எப்படிச் சிரிக்க வேண்டும் என்பதைப் பற்றியது.

பல்லி என்பது நாங்கள் வைத்த பெயர். கம்பெனி வைத்த பெயர் வாயில் நுழையாது. அரிசி அளவே இருக்கும் கருவி அது. இடது காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் எலும்பை ஒட்டி வைத்துத் தைத்துவிடுவார்கள். விமானம் குலுங்கப் போகிறது என்றால் நாற்பது விநாடிக்கு முன்பே காதுக்குள் 'ச்சக் ச்சக் ச்சக்' என்று மூன்று முறை சொல்லும். சுவரில் பல்லி கத்தினால் பலன் பார்க்கிற ஊரில் பிறந்தவர்களுக்கு வேறென்ன பெயர் தோன்றும்? ஆனால் எங்கள் பல்லிக்குத் திசை, கிழமை எதுவும் கிடையாது. எப்போது சொன்னாலும் பலன் ஒன்றுதான்.

பயணிகளுக்கு இது நல்ல வேடிக்கை. "தக்காளி ஜூஸா, ஆரஞ்சா" என்று குனிந்து கேட்டுக்கொண்டிருந்தவள் பாதி வார்த்தையில் சப்பணமிட்டு உட்கார்ந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? தலைக்கு மேலே பெல்ட் விளக்கு எரிந்ததும் அவர்கள் சிரித்துக்கொண்டே கட்டிக்கொள்வார்கள். நாங்கள் எதைக் கட்டிக்கொள்வது? நடைவழியில் எங்களோடு இருப்பது நூறு கிலோ ட்ராலி மட்டும்தான்.

அந்த ட்ராலியைத்தான் ஒன்பது வருடங்களுக்கு முன்னால் நான் கட்டிக்கொண்டேன். அப்போது பல்லி கிடையாது. சென்னையிலிருந்து பினாங்கு போகும் பகல் விமானம். அந்தமானைத் தாண்டி, ஒரு துண்டு மேகம்கூட இல்லாத வானத்தில், காலுக்கடியில் இருந்த தரை திடீரென்று இல்லாமல் போனது. நானும் ட்ராலியும் ஒன்றாகக் கூரைக்குப் போனோம். ஒன்றாகத்தான் திரும்பினோம், நான் கீழே, அது மேலே. கழுத்தில் இரண்டு எலும்பில் விரிசல், வலது கணுக்கால் மூன்று துண்டு, பதினான்கு மாதம் படுக்கை. பெல்ட் போட்டிருந்த பயணிகள் ஒருவருக்கும் அடியில்லை. மறுநாள் பேப்பரில் 'பயணிகள் அனைவரும் பத்திரம்' என்று போட்டிருந்தார்கள். நான் பயணி இல்லையே, எப்படி அதில் வருவேன்?

பல்லி வந்து ஐந்து வருடமாகிறது. இந்த ஐந்து வருடத்தில் எங்கள் கம்பெனியில் ஒருத்தருக்கும் எலும்பு முறியவில்லை. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மற்ற கம்பெனிப் பெண்கள் இடுப்பில் பட்டையும் காலில் கட்டுமாக விமான நிலையத்தில் நொண்டிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது, காதுக்குப் பின்னால் இருக்கும் அந்த மேட்டை என் விரல் தானாகத் தடவிப் பார்த்துக்கொள்ளும்.

பல்லி எல்லோருக்கும் உண்டு. ஆனால் ஒரு விமானத்தில் கேட்பது ஒருத்தரின் பல்லிதான். அவருடைய உடம்பில் எது படுகிறதோ அது மற்றவர்களின் பல்லியில் ஒலிக்கும். அந்த ஒருத்தருக்குப் பெயர் காது. யாருடைய உடம்பு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதற்கு நூற்றுக்கு இத்தனை என்று எண் உண்டு. பல்லி அதை இருபத்துநாலு மணி நேரமும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளும். பினாங்குத் தடத்துக்கு நான்தான் காது. அப்போது என் எண் தொண்ணூற்று நான்கு.

காதாக இருப்பவர் யோகா செய்யக்கூடாது. தியானம் கூடாது. தூக்க மாத்திரை, மூச்சுப் பயிற்சி எதுவும் கூடாது. உள்காதில் இருக்கும் நீரின் தன்மை மாறிவிடும் என்று காரணம் சொன்னார்கள். பாளையங்கோட்டையில் என் அம்மா, "ஜெபம் பண்ணலாமா, அதுக்கும் கவர்மென்ட் பர்மிஷன் வேணுமா?" என்று கேட்டாள். நாங்கள் சிரித்தோம்.

சிரித்தாலும் நான் பயந்துகொண்டேதான் பறந்தேன். இதை வெளியில் சொல்வதில்லை. விமானம் குலுங்கும்போது பயணிகள் முதலில் பார்ப்பது எங்கள் முகத்தைத்தான். அந்த முகம் சரியாக இருந்தால் அவர்களும் சரியாக இருப்பார்கள். அதனால் முகத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வயிற்றுக்குள் தனியாக நடுங்கக் கற்றுக்கொண்டேன். வீட்டில் கட்டிலின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தூங்கினேன். தரையில் வேலை கொடுங்கள், பயிற்சிப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன் என்று நான்கு முறை எழுதிக் கொடுத்தேன். மாற்றுக் காது கிடைக்கவில்லை என்று நான்கு முறையும் ஒரே பதில் வந்தது.

பிறகு, எப்போது என்று தெரியாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பயம் விட்டது. போன மழைக்காலத்தில் ஒரு காலை என் கணவர் டேனியல் காபியை வைத்துவிட்டு, "யூனிஸ், நீ இப்பல்லாம் கட்டிலைப் பிடிக்காமத் தூங்குற, கவனிச்சியா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த மாதம் மருத்துவப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள்.

*

வைத்தீஸ்வரன் சார்தான் பல்லியை உருவாக்கியவர்களில் ஒருவர். மீனம்பாக்கத்தில் ஓடுபாதையைப் பார்த்த அறை. மனிதர் மெதுவாகப் பேசுவார், நம் கழுத்து வலியை நம்மைவிட நன்றாக நினைவில் வைத்திருப்பார். எனக்கு அவரைப் பிடிக்கும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

"அறுபத்தி மூணு," என்றார் திரையைப் பார்த்தபடி. "அறுபதுக்குக் கீழ போனா பல்லி வாயைத் திறக்காது, தெரியுமில்ல?"

"வயசாகுது சார். காதும் தேயத்தானே செய்யும்?"

"காது தேயல. நீங்க நல்லாத் தூங்குறீங்க."

எனக்குப் புரியவில்லை. அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உள்காது நீர்னு நாங்க சொன்னது சும்மா. விமானம் விழுறதுக்கு முன்னாடி அதோட தரையில ஒரு நடுக்கம் வரும். ரொம்பச் சின்னது, எந்த மெஷினுக்கும் இரைச்சல்ல இருந்து அதைப் பிரிக்கத் தெரியல. ஆனா உடம்புக்குத் தெரியும். எல்லார் உடம்புலயும்தான் படுது. பயமில்லாத உடம்பு அதைச் சட்டை பண்ணாது. ஒரு தடவை கூரையில மோதின உடம்பு இருக்கே, அது காதைத் தீட்டி வச்சுக்கிட்டே நிக்கும். லேசா ஏதோ பட்டாலே நாடி துள்ளிடும், வேர்த்துடும். உங்களுக்கே தெரியாம நடக்கும். அந்தத் துள்ளலைத்தான் பல்லி படிக்குது."

"அப்ப பல்லி கேக்குறது..."

"உங்க பயத்தை."

யோகா ஏன் கூடாது என்று அப்போது விளங்கியது. ஐந்து வருடமாக என்னை யாரும் குணமாக விடவில்லை என்பதும் விளங்கியது. கோபம் வந்திருக்க வேண்டும். அதற்குள் அவர் அடுத்ததைச் சொல்லிவிட்டார்.

"இதைச் சொன்னேன்னு தெரிஞ்சா என் வேலை போயிரும். வியாழக்கிழமை உங்க விமானத்துல நாலு பேர்ல ஒருத்தரோட பல்லியை வாயடைக்கப் போறாங்க."

"எதுக்கு?"

"புதுக் காது வேணும். அடிபட்டுப் பிழைச்ச உடம்பு வேணும். மத்த மூணு பேரும் உட்காருவாங்க. ஒருத்தர் மட்டும் நின்னுக்கிட்டு இருப்பாங்க."

"யாரு சார்? யாரோடதை?"

"தெரியலம்மா. தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

நான் விடுப்பு எடுத்துவிடுகிறேன் என்றேன். "எடுத்தா அன்னிக்கு விமானத்துல காதே இருக்காது. நாலு பேரும் நின்னுக்கிட்டிருப்பாங்க," என்றார். கேப்டனிடம் சொல்கிறேன் என்றேன். கேப்டனின் திரையில் நான்கு பல்லியும் பச்சையாகத்தான் தெரியும் என்றார். நான் எதைச் சொன்னாலும் அதற்கு அவரிடம் பதில் இருந்தது. வெளியே வந்து படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தேன். ஒன்பது படிதான்.

*

வியாழக்கிழமை காலை பத்து ஐந்துக்கு விமானம் ஏறியது. முன்பக்கம் மெல்வினும் பார்கவியும். பின்பக்கம் நானும் கோபிகாவும்.

கோபிகாவுக்கு இருபத்து நான்கு வயது. வத்தலகுண்டுக்காரி. பைக்கில் வேலைக்கு வருவாள், அதுவும் மழையில்தான் அதிக சந்தோஷமாக வருவாள். விமானம் குலுங்கினால் ராட்டினத்தில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி "ஊ" என்பாள். அவளுடைய எண் இருபத்திரண்டு. அதைச் சொல்லி மெல்வின் அவளைச் செவிடி என்று கூப்பிடுவான். அவளும், "ஆமாண்ணே, நீங்க கத்துனாத்தான் கேக்கும்," என்று காதைக் காட்டுவாள்.

ஏறுவதற்கு முன் மூவரையும் நிறுத்தி, "இன்னைக்கு நான் உட்காருன்னு கத்துனா உடனே உட்காரணும். பல்லி சொல்லுச்சா இல்லையான்னு பாக்கக்கூடாது," என்றேன்.

மெல்வின் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "பல்லி சொல்லாம உட்கார்ந்தா மெமோ வரும்க்கா. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? ஆள் சொன்னா உட்காராதே, பல்லி சொன்னா நிக்காதேன்னு."

நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒருத்தர் வீணாகப் பதறி உட்கார்ந்து, அதைப் பார்த்து இன்னொருத்தர் உட்கார்ந்து, கடைசியில் இருநூறு பயணிகளும் அலறிய கதையெல்லாம் நடந்திருக்கிறது. ஐந்து வருடத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு அது பழகி ஊறிவிட்டது. காதுக்குள் சத்தம் வராவிட்டால் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் அவர்கள் நின்றுகொண்டு என்னைத்தான் பார்ப்பார்கள். பல்லி வாயடைபட்டவர் அப்படிப் பார்த்தபடியேதான் கூரைக்குப் போவார்.

ஆகவே ஒன்றுதான் வழி. பல்லி சொன்னதும் யார் உட்காரவில்லையோ அவரை நானே பிடித்து இழுத்து உட்கார வைக்க வேண்டும். நாற்பது விநாடி இருக்கிறது. ஆனால் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே முப்பத்தோரு வரிசை இருக்கை, இரண்டு ட்ராலி. ஓடிப்போய்ச் சேரவே முடியாது. ஒரு பக்கம்தான் காக்க முடியும்.

நான் கோபிகாவின் பக்கம் நின்றேன். முடிவெடுத்தேன் என்று சொல்ல முடியாது, கால் அங்கே போய் நின்றது. மெல்வினுக்குப் போன ஆவணியில்தான் கல்யாணம் ஆனது. பார்கவி தன் தாயை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகிற பெண். இரண்டு பேரையும் மனதுக்குள் விட்டுவிட்டேன். அந்த இரண்டு மணி நேரம் அவர்கள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை.

கோபிகா எங்கே போனாலும் நானும் போனேன். அவள் தலைக்கு மேலே பெட்டி வைக்கும் கதவைத் திறந்தால், அது விழுந்தால் எங்கே படும் என்று பார்த்தேன். அவள் அடுப்புத் தட்டை இழுத்தால் அதன் விளிம்பைப் பார்த்தேன். இத்தனை வருடம் நான் வேலை பார்த்த இடத்தில் மழுங்கலான பொருள் ஒன்றுகூட இல்லை என்று அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. காபிக் குடுவை, கத்தி, ட்ராலியின் முனை, கதவுத் தாழ்ப்பாள். அவளுடைய கழுத்து எவ்வளவு மெலிதாக இருக்கிறது என்பதையும் பார்த்தேன். என் புறங்கையில் மயிரெல்லாம் நின்றுவிட்டது. உள்ளங்காலில் வேர்த்து, நடக்கும்போது செருப்பு வழுக்கியது.

"என்னக்கா, என் பின்னாடியே வர்றீங்க? மாப்பிள்ளை பாத்திருக்கீங்களா?" என்றாள்.

நான் சிரித்தேன். இந்த வேலையில் அதைத்தானே முதலில் கற்றுத் தருகிறார்கள்.

அந்தமானைத் தாண்டினோம். பதினேழாவது வரிசையில் ஒரு பெரியவர் வெந்நீர் கேட்டார். கோபிகா எவர்சில்வர் குடுவையில் எடுத்துக்கொண்டு நடைவழியில் நடந்தாள். இரண்டடி பின்னால் நான்.

ச்சக்.

முதல் சத்தத்திலேயே பாய்ந்துவிட்டேன். இரண்டாவது, மூன்றாவது சத்தம் என் காதில் விழவே இல்லை. அவளுடைய இடுப்பை இரண்டு கையாலும் வளைத்துக் கீழே இழுத்தேன். அவள் அப்போதே மடங்கி உட்கார்ந்துகொண்டுதான் இருந்தாள். நான் இழுத்த இழுப்பில் குடுவை சாய்ந்து, வெந்நீர் முழுவதும் என் இடது முன்கையில் கொட்டியது. இரண்டு பேரும் தரையில் உருண்டோம்.

"அக்கா! என்னக்கா பண்றீங்க? பல்லி சொல்லுச்சே, உட்கார்ந்துக்கிட்டுத்தானே இருந்தேன்!"

கையின் எரிச்சல் தெரியவில்லை. நடைவழியில் தலையை நீட்டி முன்பக்கம் பார்த்தேன். இருக்கைக் கால்களுக்கு நடுவே மெல்வினின் பாலிஷ் போட்ட ஷூ தெரிந்தது, தரையோடு தரையாக. அதற்கு அப்பால் பார்கவியின் நீலச் சேலை, அதுவும் தரையில். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அப்படியென்றால் யார்?

நாற்பது விநாடி போனது. ஒன்றும் நடக்கவில்லை. கோபிகா எழப் போனாள், அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஒரு நிமிடமும் ஆனது. அதற்குப் பிறகுதான் விமானம் விழுந்தது. வெறும் குடுவை மேலே பறந்து போய்க் கூரையில் அடித்துத் திரும்பி வந்தது. எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது. பிறகு எல்லாம் சமமாகிவிட்டது. யாருக்கும் ஒன்றுமில்லை. பயணி ஒருவரின் கைபேசிக் கண்ணாடி உடைந்திருந்தது, அதற்கு அவர் கம்பெனி நஷ்ட ஈடு தருமா என்று கேட்டார்.

அந்தப் பயணத்தில் காயம்பட்ட ஒரே ஆள் நான். அதையும் நானேதான் ஊற்றிக்கொண்டேன்.

*

"தொண்ணூத்தி ஏழு," என்றார் வைத்தி சார். "நாற்பது விநாடி இல்ல, அறுபத்தெட்டு விநாடிக்கு முன்னாடி சொல்லியிருக்கு. இதுவரைக்கும் எந்தக் காதும் இப்படிக் கேட்டதில்ல யூனிஸ்."

கையில் கட்டோடு அவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். "யாரோட பல்லி சார்?" என்றேன்.

"யாரோடதும் இல்ல."

அவர் மேசையில் இருந்த கண்ணாடி உருண்டையை எடுத்தேன். எறிந்திருப்பேன். அவர் நகரவில்லை, கண்ணைக்கூட மூடவில்லை. அதனால் வைத்துவிட்டேன்.

"திட்டுங்க," என்றார். "மேலிடத்துல நிஜமாவே அப்படி ஒரு யோசனை இருந்துச்சு. வேண்டாம், எலும்பை உடைக்காம வெறும் பேச்சுலயே நான் செஞ்சு காட்டுறேன்னு சொன்னேன். ஒருத்தருக்கும் அடிபடல. நீங்க பயப்படாம இருந்திருந்தா நம்பர் அறுபதுக்குக் கீழ போயிருக்கும், அன்னிக்கு அந்தக் காத்துக் குழியில நாலு பேரும் கூரையில இருந்திருப்பீங்க."

"இப்பத்தான் பொய்னு சொல்லிட்டீங்களே. இனிமே நான் எதுக்குப் பயப்படணும்?"

"பயப்பட மாட்டீங்க. ரெண்டு மாசத்துல நம்பர் இறங்கிடும். அதான் சொல்ல வர்றேன்." திரையை என் பக்கம் திருப்பினார். "கோபிகா. உடம்புன்னா இதுதான் உடம்பு. உங்களைவிட நல்லாக் கேக்கக்கூடிய உடம்பு. பயம் மட்டும்தான் இல்ல. நாங்க போய் இதே கதையைச் சொன்னா அவ சிரிப்பா. நீங்க சொன்னா நம்புவா. அவ நம்பர் எழுபத்தஞ்சைத் தாண்டுற அன்னிக்கே உங்களுக்குப் பயிற்சிப் பள்ளி ஆர்டர்."

"நான் பட்டதை அந்தப் பிள்ளையும் படணுமா? சொல்ல மாட்டேன் சார். இந்தப் பொய்யை என் வாயால சொல்லவே மாட்டேன்."

"சரி," என்றார்.

வற்புறுத்தவில்லை, கெஞ்சவும் இல்லை. கட்டை ஈரமாக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். எனக்கு அப்போது அது தோற்றவனின் பேச்சாகத்தான் பட்டது.

*

நான் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் அதில் தப்பு எங்கே இருக்கிறது என்று என்னால் காட்ட முடியவில்லை. நான் சொல்லாவிட்டால் வேறு யாரையாவது அவளிடம் அனுப்புவார்கள். அதற்கு முன் அவளுக்கு உண்மையைச் சொல்லி வைத்துவிட்டால், பொய் வரும்போது அவள் சிரித்துவிடுவாள். இப்படித்தான் யோசித்தேன்.

திங்கட்கிழமை மதியம், பணியாளர் கேன்டீனில், அவள் லெமன் சாதமும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். ஒன்று விடாமல் சொன்னேன். பல்லி எதைப் படிக்கிறது, வியாழக்கிழமை ஏன் அவள் மேல் பாய்ந்தேன், வைத்தி சார் என்னிடம் எதைக் கேட்டார், எல்லாம். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். முதலில் சிரித்தாள்.

"அட, இதுக்குத்தான் அன்னிக்கு என்னைக் கட்டிப் புரண்டீங்களா?"

"ஆமா. இனிமே உன்கிட்ட யாராவது வந்து பல்லியை வாயடைக்கப் போறாங்கன்னு சொன்னா நம்பாத. அது பொய். பயமுறுத்துறதுக்காகச் சொல்றது."

"சரிக்கா." ஒரு வாய் சாப்பிட்டாள். பிறகு, "வாயடைக்க முடியுமா, முடியாதா?" என்றாள்.

"முடியும்னுதான் நினைக்கிறேன். ஆனா செய்யல."

"செய்யலைன்னு யாரு சொன்னா?"

"வைத்தி சார்."

"செய்யப் போறாங்கன்னு முதல்ல சொன்னதும் அவருதானே?"

அவளுடைய டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன்.

"மேலிடத்துல அப்படி ஒரு யோசனை இருந்துச்சுன்னு அவரே சொன்னாரா, நீங்களா சொல்றீங்களா?"

"அவருதான் சொன்னாரு. வேண்டாம்னு தடுத்துட்டேன்னும் சொன்னாரு."

"இந்தத் தடவை."

கரண்டியைத் தட்டில் வைத்தாள். அது தட்டில் பட்டுக் கிணுகிணுவென்று கொஞ்சம் அதிக நேரம் சத்தம் போட்டது. அவளுடைய கையைப் பார்த்தேன். அவளும் தன் கையைத்தான் பார்த்தாள், அது யாருடையது என்பதுபோல. அந்த மாதிரி நடுக்கத்தை நான் முன்பு ஒரே ஒருத்தியிடம்தான் பார்த்திருக்கிறேன், கண்ணாடியில்.

"அக்கா," என்றாள். "அவங்களுக்கு நல்ல காது என்னோடதுதான்னு தெரிஞ்சுபோச்சு. நான் பயப்படலைன்னா அடுத்து என்ன செய்வாங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டாங்க."

"பேசிப் பாத்தாச்சு, பயம் வரல. அப்புறம் மிச்சம் இருக்கிறது எலும்பை உடைக்கிறதுதானே?"

இல்லை கோபி, அப்படியெல்லாம் இல்லை என்று சொன்னேன். எனக்கே அது சமாளிப்பாகத்தான் கேட்டது. அவள் சாதத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். மூன்றடி போய்த் திரும்பி வந்து, "நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்க்கா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கு அவள் பைக்கை எடுக்கவில்லை. கம்பெனி வேனில் ஜன்னல் ஓரம் உட்காராமல் நடு இருக்கையில் உட்கார்ந்து போனாள்.

பன்னிரண்டு நாள் கழித்து எனக்குப் பயிற்சிப் பள்ளி ஆர்டர் வந்தது. கீழே சிறிய எழுத்தில் இருந்தது: மாற்றுக் காது, ம. கோபிகா, எண் எண்பத்தொன்பது.

வைத்தி சாருக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நான் ஒரு பொய்யும் சொல்லலையே சார். உண்மையை மட்டும்தானே சொன்னேன்."

"தெரியும் யூனிஸ். நீங்க பொய் சொல்ற ஆளில்லன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் உங்ககிட்ட உண்மையைச் சொன்னேன்."

போனை வைத்துவிட்டேன். வேறென்ன பேச முடியும்?

கோபிகா காதாகப் போன முதல் நாள், விமானத்தின் கதவு மூட இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டாள். பின்னால் பயணிகள் பெட்டியை வைக்கிற சத்தம் கேட்டது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க அன்னிக்குச் சொன்னதெல்லாம் பொய்னு ஒரே ஒரு தடவை சொல்லுங்களேன்."

"பொய்தான் கோபி. எல்லாம் பொய். நான் தரைக்கு வரணும்னு உன்கிட்டக் கதை கட்டினேன். பல்லி உள்காது நீரைத்தான் கேக்குது. யாராலயும் அதை வாயடைக்க முடியாது."

யாரோ அவளிடம் தண்ணீர் கேட்டார்கள். "இதோ தர்றேன் சார்," என்று அழகாகச் சிரிக்கிற குரலில் சொன்னாள். பிறகு போனுக்கு வந்தாள்.

"நீங்க இவ்வளவு வேகமாப் பொய் சொல்றீங்கன்னா," என்றாள், "அப்ப எனக்குத் தெரியாதது இன்னும் ஏதோ இருக்குல்ல?"

கதவு மூடும் மணி அடித்தது. அவள் போனை அணைத்துவிட்டாள்.

மாலையில் பயிற்சிப் பள்ளித் திரையில் அன்றைய விமானங்களின் அறிக்கை வந்தது. பினாங்கு விமானம் வழியில் மூன்று முறை பெரிதாக விழுந்திருக்கிறது. மூன்று முறையும் பல்லி எழுபது விநாடிக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறது. காயம் என்ற இடத்தில் ஒருவருமில்லை என்று போட்டிருந்தார்கள்.